நூறு காய்க்கு இரண்டு

“தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல?”

போன டிசம்பரில், கொல்லத்திலிருந்து தென்காசிக்குத் திரும்பும் ரயிலில் வைத்து ஆதித்தன் பெர்சிஸிடம் கேட்ட கேள்வி இது. வண்டி அப்போதுதான் ஆரியங்காவு தாண்டி மலைக்குகைக்குள் நுழைந்திருந்தது. அவள் பதில் சொல்லாமல் இருந்தது அந்த இருட்டில் யார் கண்ணிலும் படவில்லை. குகையை விட்டு வெளியே வந்தபோது அவன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு அவனும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரே வகுப்பில், மூன்று பெஞ்சு இடைவெளியில், ஏழு மாதம் அப்படியே ஓடிவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். கல்லூரிகளுக்கிடையே வருசாவருசம் கேரளத்தில் நடக்கும் புரோகிராமிங் போட்டிக்கு மூன்று பேர் கொண்ட அணியாகப் போயிருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். கீபோர்டில் ஆதித்தன் உட்கார்ந்திருந்தான். அவன் எழுதிய புரோகிராமில் ஒரு கூட்டுத்தொகையை ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி பூஜ்யமாக்க வேண்டும். அவன் ஆக்கவில்லை. பெர்சிஸ் அதைப் பார்த்துவிட்டாள். ஆனால் அவனும் இன்னொரு பையனும் ஒருவரை ஒருவர் பேசவிடாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்து சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மடியில் இருந்த நோட்டில், ‘பூஜ்யம் ஆக்கலை’ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டு, அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று காத்திருந்தாள். கண்டுபிடிக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால் போட்டியின் அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு போயிற்று. திரும்பும் வழியில் ஒரு கணக்கைப் பார்ப்பதற்காக அவள் நோட்டைப் புரட்டிய ஆதித்தனின் கண்ணில் அந்த அடிக்கோடு பட்டது.

இந்த வருசம் செலக்‌ஷன் என்று சிவசைலம் சார் அறிவித்த அன்றே, பெர்சிஸ் அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

“நான் டீமுக்கு வரல சார்.”

“கடைசி வருசம்லாம்மா. அப்புறம் ஆசப்பட்டாலும் போக முடியாது.”

“கேள்வி வேணா போட்டுத் தாரேன்.”

சார் மேசையிலிருந்த கேள்விக்கட்டை எடுத்தார். அவர்தான் போட்டிக்குப் பயிற்சி கொடுப்பவர். லேப் பொறுப்பும் அவர் தலையில்தான். பிள்ளைகளைத் தோண்டிக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

“அஞ்சு கேள்வி வேணும். நாலு நான் வச்சிருக்கேன். ஒண்ணு நீ போடு. நம்ம ஊர் வாசம் அடிக்க மாதிரி இருக்கட்டும். இங்கிலீஷ் புக்குல எப்பப் பாத்தாலும் ஆலிசும் பாபும் ஆப்பிள் பங்கு வைக்காங்க.”

ஊர் வாசம் என்றதும் பெர்சிஸுக்குத் தேங்காய் வாசம்தான் வந்தது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் அவள் அப்பாவுக்குத் தேங்காய்க் கமிஷன் கடை. கிங்ஸ்லி அண்ணாச்சி கடை என்றால் தெரியாதவர் கிடையாது. அவள் நடை பழகியதே காய்க்குவியலைச் சுற்றித்தான். அதனால் கேள்வி அரைமணி நேரத்தில் வந்துவிட்டது. பல தோப்புகளிலிருந்து காய் வருகிறது. எந்தத் தோப்பு எத்தனை காய் விற்றது என்று கொடுக்கப்பட்டிருக்கும். ஒரு டெம்போ இத்தனை காய்தான் தாங்கும். ஒரு தோப்பின் காயை இரண்டு டெம்போவில் பிரித்து ஏற்றக்கூடாது. எல்லாவற்றையும் ஏற்றக் குறைந்தது எத்தனை டெம்போ வேண்டும்? கேட்பதற்கு லேசாக இருக்கும். உட்கார்ந்தால்தான் தெரியும்.

புரிவதற்காக ஒரு சின்ன உதாரணமும் போட்டாள். எழுபது காய், நாற்பத்தைந்து காய், தொண்ணூறு காய். விரல்விட்டே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். விடை காணும் புரோகிராமையும், சோதனைக்கான எண்களையும் அவளே தயாரித்தாள். போட்ட கேள்வியை இன்னொருவர் தனியாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டும் என்பது முறை. சாருக்கு அந்த வாரம் மூச்சுவிட நேரமில்லை. அவளுடைய புரோகிராமை அவளுடைய எண்களோடு ஓடவிட்டுப் பார்த்தார். சரியாக இருந்தது. இருக்காதா பின்னே.

செலக்‌ஷன் ஞாயிற்றுக்கிழமை. ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. லேப் சன்னலுக்கு வெளியே, தலையில் எண்ணெய் வழிய, தோளில் ஈரத்துண்டோடு ஆட்கள் நெருக்கியடித்திருக்க, வேன்கள் குற்றாலத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தன. அந்த நெரிசலில் டவுன் பஸ் சிக்கிக்கொண்டதால் ஒன்பது மணிச் செலக்‌ஷன் ஒன்பதே முக்காலுக்குத்தான் தொடங்கியது. பதினான்கு பேர். மூன்று மணி நேரம். ஐந்து கேள்வி. மூன்று இடம்.

ஒரு கேள்வியைச் சரியாக முடித்தால் அவர்கள் கம்ப்யூட்டரில் ஒரு பலூன் கட்டிவிடுவது உலகம் முழுக்க இந்தப் போட்டியில் உள்ள வழக்கம். கேள்விக்கு ஒரு நிறம். எவன் எதை முடித்தான் என்று தலையைத் தூக்கினாலே தெரிந்துவிடும். சார் முந்தின நாள் ஐந்தருவிக் கடைத்தெருவில் ஐந்து பாக்கெட் பலூன் வாங்கி வந்திருந்தார். ஊதிக் கட்டுவது பெர்சிஸின் வேலை. வாய் திறந்து பேச வேண்டியதில்லை என்பதால் அவளுக்கும் அது பிடித்த வேலையாக இருந்தது.

முதல் ஒரு மணி நேரம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக ஊதிக் கட்டினாள். நாலாவது கேள்வி, அதாவது அவளுடைய கேள்விக்கு, மஞ்சள். மஞ்சள் பாக்கெட்டை யாரும் பிரிக்க வைக்கவில்லை.

ஆதித்தன் நாற்பதாவது நிமிசத்தில் நாலாவதை அனுப்பினான். தப்பு என்று திரையில் சிவப்பாக வந்தது. திருத்தி அனுப்பினான். தப்பு. தப்பான ஒவ்வொரு தடவைக்கும் இருபது நிமிசம் தண்டம். மூன்றாவது தப்புக்குப் பிறகு அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, சட்டைக்கையால் கண்ணாடியைத் துடைத்தான். ஆறாவது தப்புக்குப் பிறகு கேள்வித்தாளை முகத்துக்கு மிக அருகில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பவன்போல உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். பெர்சிஸ் அவனுக்குப் பின்னால் இரண்டு தடவை நடந்தாள். அவன் திரையைப் பார்க்க மட்டும் துணியவில்லை. கேள்வி போட்டவள் எட்டிப் பார்க்கக்கூடாது என்பது ஒன்று. போன வருசம் பார்த்தது இன்னொன்று.

மூன்றாம் வருசத்து ஷிஃபா கெட்டிக்காரி. நாலாவதை ஒரு தடவை அனுப்பி, தப்பு என்றதும் அதை மூடிவைத்துவிட்டு அடுத்ததற்குப் போனாள். இன்னும் நாலு பேர் முட்டிப்பார்த்துத் திரும்பினார்கள்.

இரண்டே கால் மணி நேரம் ஆனபோது சன்னலோரத்திலிருந்து செண்பகவல்லி கையைத் தூக்கினாள். இரண்டாம் வருசப் பிள்ளை. பாவூர்சத்திரத்துக்காரி. அவள் அப்பா சுடலைமுத்து மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறார். முக்கால்வாசி நடை கிங்ஸ்லி அண்ணாச்சி கடைக்குத்தான்.

“யக்கா, மஞ்சள்.”

முதல் தடவையிலேயே சரி. பெர்சிஸுக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது. தன் கேள்வியை ஒருவராவது போட்டார்களே. மஞ்சள் பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை நன்றாகப் பெரிதாக ஊதிக் கட்டினாள்.

நேரம் முடிந்தது. சார் பெயரைப் படித்தார். ஷிஃபா, நாலு கேள்வி. முத்துகுமரன், மூன்று. செண்பகவல்லி, மூன்று. ஆதித்தன் இரண்டே கேள்வியோடு நாலாவதாக நின்றான். நாலாவதாக நிற்பவர் மாற்று ஆள். வேறு யாருக்காவது காய்ச்சல் வந்தால் பார்க்கலாம்.

ஆதித்தன் கேள்வித்தாளை மடித்துப் பையில் வைத்தான். அவனுக்காக அவன் கூட்டாளி முத்துகுமரன் பேசினான்.

“ஏலே ஆதி, நாமளும் பாவூர்சத்திரத்துல பொறந்திருக்கணும்ல.”

இரண்டு பேர் சிரித்தார்கள். செண்பகவல்லி திரும்பினாள்.

“பொறந்திருக்கலாம்ணே. மேலு வணங்கி ஒழைக்கணும்லா.”

“வணங்கி என்னத்துக்கு? கேள்வி போட்டது அந்த ஊரு. விட போட்டதும் அந்த ஊரு. பதிமூணு பேருக்கு வராதது ஒனக்கு மட்டும் ஒரே அடியில வருது. பஸ்ல வரும்போதே பாடம் நடந்துருச்சோ என்னமோ.”

இப்போது யாரும் சிரிக்கவில்லை. செண்பகவல்லிக்கு மூக்கு நுனி சிவந்தது. பெர்சிஸைப் பார்த்தாள். அக்கா, நீயாவது சொல்லேன் என்று கேட்கிற பார்வை. பெர்சிஸ் கையிலிருந்த பலூன் நூலைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

சார் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். “கேள்வி யார் கையிலயும் போகலையேம்மா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

“நீ சொன்னாப் போதும். இருந்தாலும் அந்தப் பிள்ள எப்படிப் போட்டிருக்குன்னு எடுத்துப் பாத்திரு. நாளைக்கு ஒருத்தன் கேட்டா நான் பதில் சொல்லணும்லா. ஏலே, எல்லாரும் சிஸ்டத்த ஆஃப் பண்ணுங்க. சாரல் வலுக்கும் முன்ன பஸ்ஸப் பிடிங்க.”

பெர்சிஸ் மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து செண்பகவல்லியின் புரோகிராமைத் திறந்தாள். சுத்தமாக எழுதியிருந்தாள் பிள்ளை. தோப்புகளின் எண்களை வாங்குகிறாள். அடுத்து ஒரு வரி. ஒவ்வொரு தோப்பின் காயிலும், நூற்றுக்கு இரண்டு வீதம் கூட்டுகிறாள். அதற்கப்புறம் டெம்போ கணக்கு. எல்லாம் தன்னுடையதைப் போலவேதான் இருந்தது. பெர்சிஸ் நிம்மதியாக மூடப்போனாள். ஏதோ உறுத்தியது. கேள்வித்தாளை எடுத்துப் படித்தாள். மறுபடி படித்தாள்.

நூற்றுக்கு இரண்டு என்று அதில் எங்கேயும் இல்லை.

லாபக்காய். நூறு காய் விற்றால் மேலே இரண்டு காய் சும்மா போட வேண்டும். பாவூர்சத்திரத்தில் அதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. அங்கே நூறு என்றால் நூற்றிரண்டுதான். அப்பா கடையில் ஆள்கள் நூறு எண்ணி முடித்ததும், பேச்சை நிறுத்தாமலே கை இன்னும் இரண்டை எடுத்து எறியும். பெர்சிஸின் கையும் அப்படியே புரோகிராமில் எறிந்திருக்கிறது, கேள்வியில் எழுதவேண்டும் என்ற நினைப்பே இல்லாமல். உதாரணத்தில் எல்லாத் தோப்புக்கும் நூற்றுக்குக் கீழே போட்டிருந்ததால் அங்கேயும் வெளியே தெரியவில்லை. கேள்வியில் உள்ளபடி எழுதிய அத்தனை பேருக்கும் தப்பு. கேள்வியில் இல்லாததைச் சேர்த்தவளுக்குச் சரி.

ஆதித்தனின் நாற்பதாவது நிமிசத்துப் புரோகிராமைத் திறந்தாள். லாபக்காய் இல்லை என்றால் அது சரி. கச்சிதமாகச் சரி. அப்புறம் அனுப்பிய ஐந்தும், சரியாக இருந்த ஒன்றைத் தடவித் தடவிக் கெடுத்தவை.

இதை இந்த லேப்பில் அவளைத் தவிர யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. சார் அவளை நம்புகிறார். ‘சரியா இருக்கு சார்’ என்று மூன்று வார்த்தை சொன்னால் முடிந்தது. சொல்லாமல் வெறுமனே தலையாட்டினாலும் முடிந்தது. செண்பகவல்லி இடம் நிற்கும். டெம்போக்காரர் வீட்டுப் பிள்ளை கேரளத்துக்குப் போகும். உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளையின் மஞ்சள் பலூனை அவிழ்க்க வேண்டும், அதுவும் கேள்வி போட்டவளுடைய தவறுக்காக.

சொல்லாவிட்டால், ஆதித்தனுக்குக் கடைசி வருசமும் போகும். இரண்டாவது தடவையாக, அவளால்.

தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லல.

போட்டி மென்பொருளில் எல்லாத் திரைக்கும் அறிவிப்பு அனுப்ப ஒரு பெட்டி உண்டு. பெர்சிஸ் அதைத் திறந்து ‘நாலாவது கேள்வியில் பிழை’ என்று தட்டினாள். அனுப்பும் பொத்தானுக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனபோது தலையைத் தூக்கினாள். வரிசையாகத் திரைகள் அணைந்துகொண்டிருந்தன. ஷிஃபாவுடையது போயிற்று. முத்துகுமரனுடையது போயிற்று. ஆதித்தன் பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டான். அனுப்பினாலும் படிக்க ஒரு திரை மிச்சமில்லை.

“சார்.”

யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலிகள் இழுபட்டுக்கொண்டிருந்தன. அவள் எழுந்து நின்றாள். அப்போதுதான் வயர் தடுக்கி, மேசையோரத்தில் இருந்த பலூன் பெட்டி கீழே சரிந்தது.

“சார். நாலாவது கேள்வி தப்பு.”

அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. பதினான்கு தலையும் திரும்பின.

“என்ன தப்பு?”

“நான் தப்பு சார். லாபக்காய் சேத்துட்டேன். கேள்வில சொல்லல. ஆதித்தன் ஃபர்ஸ்ட் அனுப்புனது சரி. அவன் போட்டதுதான் சரி.”

“லாபக்காயா?” என்றார் சார். அவருக்கு ஊர் கடையம் பக்கம்தான், ஆனால் வீட்டில் வாத்தியார் பரம்பரை. “அதென்னம்மா?”

பெர்சிஸ் சொல்ல வாயெடுப்பதற்குள் செண்பகவல்லி முந்திக்கொண்டாள்.

“நூறு காய்க்கு ரெண்டு காய் சார். அது கேள்வில இல்லையா?” கேள்வித்தாளைப் பிடுங்காத குறையாக எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள். “ஏ, ஆமா. இல்ல. நான் இருக்கதா நெனச்சுல்லா போட்டேன்.”

“இல்லாதத எப்படிம்மா நெனைப்ப?”

“எங்கப்பா டெய்லி ஏத்துதாரு சார். அந்த ரெண்டு காய்க்கு வாடக கிடையாது. ஆனா எடம் அடைக்கும்லா. டெம்போ எத்தன காய் தாங்கும்னு கேட்டா அதையும் சேத்துத்தான் சொல்லணும். இல்லன்னா கடைசி மூட்ட வெளிய நிக்கும். எங்கப்பா வைவாரு.”

சார் ஒரு நொடி அவளையும் பெர்சிஸையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஏலே முத்து, பஸ்லயா பாடம் நடந்திருக்கு? பொறந்ததுலருந்து நடந்திருக்குலே.”

முத்துகுமரன் தலையைச் சொறிந்தான். “அப்படியில்ல சார், சும்மாதான் சொன்னேன்.” செண்பகவல்லி பக்கம் பார்க்காமலே, “சாரி, ஏட்டி” என்றான்.

“மொகத்தப் பாத்துச் சொல்லுங்கண்ணே.”

“சாரி.”

லாபக்காய் வரியை எடுத்துவிட்டுப் பெர்சிஸ் புதிய விடைகளை உண்டாக்கினாள். சார் இந்தத் தடவை தானே உட்கார்ந்து தனியாக ஒரு புரோகிராம் எழுதி ஒத்துப்பார்த்தார். பிறகு எல்லோர் நாலாவது கேள்வியும் மறுபடி ஓடியது. ஷிஃபாவுக்கு ஐந்தாயிற்று. முட்டிப்பார்த்துத் திரும்பிய நாலு பேருக்கும் ஒவ்வொன்று கூடியது, ஆனாலும் அவர்கள் இரண்டைத் தாண்டவில்லை. ஆதித்தனுக்கு மூன்று, நாற்பதாவது நிமிசத்தில், தண்டம் இல்லாமல். செண்பகவல்லிக்கு இரண்டு. ஆனாலும் இரண்டு வாங்கியவர்களில் அவள்தான் வேகம். நாலாவதாக, மாற்று ஆளாக நின்றாள்.

“கேள்வியில இல்லாதத சேத்தா போட்டியில தப்புதாம்மா,” என்றார் சார் அவளிடம் கொஞ்சம் சங்கடத்தோடு. “ஆனா வழி சரி. ஒரு வரிதான் கூட. அடுத்த வருசம் ஒன்ன எவனும் அசைக்க முடியாது.”

பெர்சிஸ் அவளருகே போனாள். “ஏட்டி, என்னால ஒன் எடம் போச்சு.”

“எடம் போச்சுதான்.” செண்பகவல்லி மூக்கை உறிஞ்சினாள். “ஆனா யக்கா, களவாணின்னு பேர் வாங்கிட்டு அந்த எடத்துல எப்படி உக்காருறதுன்னு நெனச்சேன் பாத்துக்கோ. வயித்துல கல்லு கெடந்த மாதிரி இருந்துச்சு. இப்ப பசிக்குது.” பிறகு தன் கம்ப்யூட்டரில் கட்டியிருந்த மஞ்சள் பலூனைக் கையால் அணைத்துக்கொண்டாள். “இத நான் தர மாட்டேன். பாவூர்சத்திரத்துல இது சரியான விடைதான்.”

“வச்சுக்கோ,” என்றார் சார்.

பெர்சிஸ் கீழே உட்கார்ந்து சிதறிய பலூன்களைப் பொறுக்கினாள். ஷிஃபாவுக்கு ஒன்று, அந்த நாலு பேருக்கும் நாலு என்று மஞ்சளாக ஊதினாள். செண்பகவல்லியும் உட்கார்ந்து இரண்டு ஊதினாள், ஒன்று முகத்திலேயே வெடித்தது. பெர்சிஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க நெஞ்சுக்குள் ஏழு மாதமாக மடங்கிக் கிடந்த ஏதோ ஒன்று விரிந்துகொள்வதுபோல மூச்சு தாராளமாக வந்தது. கடைசி பலூனை அதனால்தான் அவ்வளவு பெரிதாக ஊத முடிந்தது.

மற்றவர்கள் போய்விட்டார்கள். ஆதித்தன் மட்டும் தன் அணைந்த கம்ப்யூட்டருக்கு முன்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெர்சிஸ் போய் மஞ்சள் பலூனைத் திரையின் ஓரத்தில் கட்டினாள். முடிச்சு இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை நின்றது. அவள் நகரவில்லை.

“ரயில்ல ஒண்ணு கேட்டல்லா.”

அவன் நிமிர்ந்தான்.

“நீங்க ரெண்டு பேரும் கத்திக்கிட்டிருந்தீங்க. நான் சொல்லி அது தப்பா இருந்துட்டா என்ன செய்யன்னு பயந்தேன். அவ்வளவுதான். வேற ஒண்ணுமில்ல.”

சொல்லி முடித்தபோது, இதைச் சொல்வதற்கா இத்தனை மாதம் என்று அவளுக்கே தோன்றியது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

ஆதித்தன் எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். இவ்வளவு கஷ்டப்பட்டு அவள் போட்ட முடிச்சைப் பொறுமையாக நகத்தால் அவிழ்த்து, நூலைச் சுட்டுவிரலில் மூன்று சுற்றுச் சுற்றினான். கதவை முழங்கையால் தள்ளித் திறந்து, பலூன் கதவிடுக்கில் மாட்டாதபடி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சாரலில் இறங்கி பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தான்.